பவானியின் தந்தக் கட்டில், இவானின் தாடி

பவானி சங்கமேஸ்வரர் கோயிலுக்கு வெளியூர்க்காரர்களைக் கூட்டிப்போனால் வேதநாயகி அம்மனைக் கும்பிட்ட கையோடு எல்லோரும் கேட்பது தந்தக் கட்டிலைத்தான். கோயம்புத்தூர்க் கலெக்டராக இருந்த வில்லியம் காரோ 1804-இல் அம்மனுக்குக் கொடுத்தது அது. ஊரில் சொல்லும் கதை எல்லோருக்கும் தெரியும். பங்களாவில் தூங்கிக்கொண்டிருந்த துரையை ஒரு சின்னப் பெண் வந்து எழுப்பி வெளியே கூட்டிப்போனாள். அவர் வாசலைத் தாண்டியதும் கூரை இடிந்து விழுந்தது. திரும்பிப் பார்த்தால் பெண்ணைக் காணோம். அம்மன்தான் வந்தாள் என்று துரை நம்பினார். கோயிலுக்குள் நுழைய அவருக்கு வழியில்லாததால் மதிலில் மூன்று துளைகள் போட்டு, அவற்றின் வழியே அம்மனைப் பார்த்தார் என்பார்கள்.

பெண் வந்தாளா இல்லையா என்பது பக்தர்கள் பாடு. எனக்குக் கட்டிலின் ஆண்டுதான் உறுத்தும். அதே 1804-இல், இங்கிருந்து ஒரு நாள் வண்டித் தூரத்தில் அறச்சலூரில், தீரன் சின்னமலை கும்பெனிப் படையோடு மோதினார் என்று கொங்கு வரலாறு எழுதியவர்கள் சொல்கிறார்கள். அதற்கு மூன்று ஆண்டு முன்னால், 1801-இல், அவர் போரிட்ட இடமே பவானி காவிரிக் கரைதான். 1805 ஜூலை 31 அன்று சங்ககிரிக் கோட்டையில் அவரைத் தூக்கிலிட்டார்கள். அன்றைக்கு ஆடிப் பதினெட்டு. ஒரே நாடு, ஒரே காலம். ஒரு பக்கம் கும்பெனிக் கலெக்டர் அம்மனுக்கு முன்னால் கைகட்டி நிற்கிறார், இன்னொரு பக்கம் அதே கும்பெனி தூக்குமரம் நடுகிறது.

இந்த இரண்டையும் ஒரே படத்தில் வைக்கிற துணிச்சல் யாருக்கு வரும்? அப்படி யோசிக்கும்போதெல்லாம் என் நினைவு கொங்கு நாட்டை விட்டு ரஷ்யாவுக்குப் போய்விடுகிறது. ஆண்டவர்களைத் திரையில் காட்டுவதில் உள்ள சிக்கல் அங்கே நடந்த அளவுக்கு வெளிச்சமாக வேறெங்கும் நடக்கவில்லை. தமிழில் ‘ஆண்டவன்’ என்றால் ஆட்சி செய்தவனும் கடவுளும் ஒரே சொல்லுக்குள் இருப்பார்கள். சினிமா அந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொள்கிறது.

நான்காம் இவானை உலகம் ‘பயங்கர இவான்’ என்று அறியும். 1547-இல் ஜார் பட்டம் சூடிய முதல் ஆள். 1552-இல் கசானைப் பிடித்தார். 1565-இல் ஒப்ரிச்னினா என்ற பெயரில் நாட்டின் ஒரு பகுதியைத் தனக்கெனப் பிரித்துக்கொண்டு, கறுப்பு உடைக் காவலர்களை ஏவிப் பிரபுக்களை ஒடுக்கினார். 1581-இல் சொந்த மகனையே அடித்துக் கொன்றார். இப்படி ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கும்படி 1941-இல் இயக்குநர் செர்கெய் ஐசென்ஸ்டைனுக்குச் சொன்னார்கள். சொன்னது ஸ்டாலினின் வட்டம். நாட்டை ஒன்றாக்கிய இரும்புக்கரமாக இவான் தெரிய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பழைய ஜாரைப் புகழ்ந்தால் புதிய தலைவரைப் புகழ்ந்ததாகும். இந்தக் கணக்கை யாரும் வாய்விட்டுச் சொல்லத் தேவையில்லை.

ஜெர்மன் படை உள்ளே வந்துவிட்டதால் ஸ்டுடியோவே கஜகஸ்தானின் அல்மா-அத்தாவுக்கு இடம்பெயர்ந்தது. மாஸ்கோவின் கிரெம்ளினை மத்திய ஆசியாவில் அட்டையிலும் சாந்திலும் கட்டி, 1943-இல் படப்பிடிப்பைத் தொடங்கினார்கள். நிக்கோலாய் செர்காசவ் இவானாக நடித்தார், புரோகோஃபியெவ் இசையமைத்தார். முதல் பாகம் 1945 தொடக்கத்தில் வெளிவந்து, அடுத்த ஆண்டு ஸ்டாலின் பரிசும் பெற்றது. அந்தப் பாகத்தில் இவான் இளைஞர், நாட்டுக்காக நிற்பவர், சுற்றிலும் துரோகிகள். எல்லாம் சொன்னபடியே இருந்தது.

இரண்டாம் பாகம்தான் வம்பு. அதில் இவான் தயங்குகிறார். கொன்றுவிட்டு மனம் குமைகிறார். கூரை தாழ்ந்த அறைகளில் அவருடைய நிழல் அவரைவிடப் பெரிதாகச் சுவரில் நகர்கிறது. கறுப்பு வெள்ளையில் போய்க்கொண்டிருந்த படம் ஒரு விருந்துக் காட்சியில் திடீரென வண்ணத்துக்கு மாறுகிறது. ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய அக்ஃபா படச்சுருளில் எடுத்த காட்சி அது. சிவப்பும் பொன்னும் கொதிக்கிற அந்த ஆட்டத்தைப் பார்த்தால், இது கொண்டாட்டமா கொலைக்கான ஒத்திகையா என்று வயிறு கலங்கும். 1946 செப்டம்பரில் கட்சியின் மத்தியக் குழு படத்தைத் தடுத்தது.

1947 பிப்ரவரி 25 இரவு ஐசென்ஸ்டைனையும் செர்காசவையும் கிரெம்ளினுக்கு அழைத்தார்கள். ஸ்டாலின், மோலடோவ், ஸ்தானவ் மூவரும் இருந்தார்கள். அங்கே நடந்த பேச்சு எழுத்தில் கிடைக்கிறது. ஒரு நாட்டின் தலைவர் ஒரு படத்தைச் செதில் செதிலாக உரிக்கும் அதிசயமான ஆவணம் அது. இவானை ஹாம்லெட் மாதிரி முடிவெடுக்கத் தெரியாதவனாகக் காட்டிவிட்டீர்கள் என்றார் ஸ்டாலின். காவலர்கள் அமெரிக்காவின் கூ கிளக்ஸ் கிளான் கூட்டம் போல இருக்கிறார்கள் என்றார். இவான் கொடூரமானவன்தான், ஆனால் அந்தக் கொடுமை ஏன் தேவைப்பட்டது என்று காட்ட வேண்டாமா என்று கேட்டார். இவான் செய்த தவறு இன்னும் சில குடும்பங்களை மிச்சம் வைத்ததுதான் என்பது அவர் கருத்து. ஸ்தானவ் தாடிக்கு வந்தார். இவான் தாடியைக் காட்டுவதற்காகவே அடிக்கடி தலையைத் தூக்குகிறார் என்றார். இனி தாடியைக் குறைத்துக்கொள்கிறேன் என்று ஐசென்ஸ்டைன் ஒப்புக்கொண்டார்.

தாடியைக் குறைக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு பிப்ரவரி 11 அன்று, ஐம்பது வயதில், மாரடைப்பில் இறந்தார். இரண்டாம் பாகம் ஸ்டாலின் இறந்து ஐந்து ஆண்டுகள் கழித்து 1958-இல்தான் திரைக்கு வந்தது. மூன்றாம் பாகத்துக்கு எடுத்ததில் பெரும்பகுதி அழிந்தது. இந்தக் கதையைத் ‘துணிந்த கலைஞன், கொடிய தலைவன்’ என்று சுருக்குவது எனக்கு ஒப்பவில்லை. முதல் பாகத்துக்கு ஸ்டாலின் பரிசு வாங்கியவரும் அதே ஐசென்ஸ்டைன்தான். ஆணைக்கு இணங்கி வேலையைத் தொடங்கியவர், ஒரு கட்டத்தில் இவானின் முகத்துக்கு உள்ளே போய்விட்டார். போன பிறகு திரும்பி வர முடியவில்லை. ஸ்டாலினுக்குச் சினம் மூட்டியது இவானின் கொடுமை அல்ல, இவானின் தயக்கம்.

காதரீன் பேரரசி கதை வேறு. புஷ்கினின் ‘கேப்டன் மகள்’ தமிழில் படித்தவர்களுக்கு அவர் பூங்காவில் காலை நேரத்தில் உலாவும் ஒரு அம்மாள். பாவப்பட்ட பெண்ணின் மனுவைக் கேட்டு நீதி வழங்குகிறவர். ஜெர்மன் சிற்றரசக் குடும்பத்துப் பெண் சோஃபி 1744-இல் ரஷ்யா போய், பெயரும் மதமும் மாறி, 1762-இல் கணவர் மூன்றாம் பீட்டரை இறக்கிவிட்டுத் தானே அரியணையேறி, 1796 வரை ஆண்டார். இறக்கப்பட்ட கணவர் சில நாட்களில் இறந்துபோனார். சினிமாவுக்கு இதைவிட என்ன வேண்டும்? 1934 ஒரே ஆண்டில் இரண்டு படங்கள் வந்தன. இங்கிலாந்தில் எலிசபெத் பெர்க்னர் நடித்தது ஒன்று, ஹாலிவுட்டில் ஸ்டெர்ன்பெர்க் இயக்கி மார்லீன் டீட்ரிச் நடித்த ‘தி ஸ்கார்லெட் எம்ப்ரஸ்’ மற்றொன்று. பின்னதில் அரண்மனை முழுக்கக் கோரமான பொம்மைகள், வளைந்த உடல்கள், மெழுகுத் திரிகள். ஒரு பெண் அதிகாரத்துக்கு வருவதை அது காமமாக மட்டுமே பார்க்கிறது. பார்க்க அழகு, அறிவுக்கு ஒன்றும் தேறாது.

பிறகு ரஷ்யத் தொலைக்காட்சி 2014-இல் ‘எகதெரீனா’ தொடரை எடுத்தது. அது சொந்த நாட்டு மகாராணியின் கம்பீரக் கதை. 2019-இல் ஹெலன் மிர்ரன் வயதான காதரீனாக நடித்தார். 2020 முதல் 2023 வரை மூன்று பருவம் ஓடிய ‘தி கிரேட்’ தொடர், தன் பெயருக்குக் கீழேயே ‘அவ்வப்போது உண்மையான கதை’ என்று எழுதிவைத்துக்கொண்டு கேலி செய்தது. அந்தக் கேலிக்குள் இருந்த நேர்மை, கம்பீரமான தொடர்கள் பலவற்றில் கிடையாது என்பேன்.

வயதில் காதரீனுக்கு ஒரு இணை தமிழ்நாட்டில் உண்டு. காதரீன் 1729-இல் பிறந்தவர், வேலு நாச்சியார் 1730-இல் பிறந்தவர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இருவரும் இறந்தது 1796-இன் கடைசி மாதங்களில். ஒருவர் கணவரை இறக்கிவிட்டு ஆட்சிக்கு வந்தார். மற்றவர் 1772-இல் காளையார்கோவிலில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்து, விருப்பாச்சியில் ஒதுங்கி, ஹைதர் அலியின் உதவியைப் பெற்று, 1780-இல் சிவகங்கையை மீட்டார். காதரீனுக்குத் தொண்ணூறு ஆண்டாகப் படங்கள் குவிகின்றன. நாச்சியாருக்கு 2008-இல் ஒரு தபால்தலை வந்தது.

நம் பக்கம் 1934-க்கு இணையான ஆண்டு 1959. மே 16 அன்று பி. ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ இங்கே வெளிவந்தது. மூன்று நாள் கழித்து மருது சகோதரர்களைப் பற்றிக் கண்ணதாசன் எடுத்த ‘சிவகங்கைச் சீமை’ வந்தது. ஒரே வாரத்தில் இரண்டு பாளையக்காரர் படங்கள்! முதல் படத்தின் பின்னால் ம. பொ. சிவஞானம் இருந்தார். இரண்டாவதை எடுத்த கண்ணதாசன் அப்போது தி.மு.க.வில் இருந்தார். அரசியலும் அரசியலும் மோதிக்கொண்டன, நடுவில் மன்னர்கள் கத்தி வீசினார்கள். ஒன்று வண்ணத்தில், போர்க்காட்சிகளுக்கு ஜெய்ப்பூர் வரை போய் எடுத்தது. மற்றது கறுப்பு வெள்ளை. எது வென்றது என்று சொல்ல வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சிக் குதிரைகள் ராஜஸ்தானத்துக் குதிரைகளாக இருந்தால் என்ன, கஜகஸ்தானத்தில் கிரெம்ளின் நிற்கவில்லையா?

கட்டபொம்மன் படத்தில் நான் பிடித்துக்கொள்ளும் நூல் வேறு. அது சினிமாவாகப் பிறக்கவில்லை. சக்தி கிருஷ்ணசாமி எழுதி, சிவாஜி கணேசன் நாடகமாக நடித்தது. அந்த நாடகம் முதன்முதலாக மேடையேறியது 1957-இல், சேலத்தில். சங்ககிரியிலிருந்து நாற்பது கிலோமீட்டர் அளவில் இருக்கும் ஊரில், நெல்லைச் சீமைப் பாளையக்காரர் வரி கேட்க வந்தவனிடம் முழங்கினார். கேட்ட கூட்டம் கைதட்டியது. தங்கள் பக்கத்து மலைக்கோட்டையிலும் ஒருவர் இதே கும்பெனியால் தூக்கில் தொங்கினார் என்பதை அன்று எத்தனை பேர் நினைத்தார்களோ!

கலெக்டர் ஜாக்சனைக் கட்டபொம்மன் சந்தித்தது 1798 செப்டம்பரில், ராமநாதபுரத்தில். அந்தச் சந்திப்பில் கைகலப்பும் சாவும் நடந்தது உண்மை. ஆனால் தமிழ்நாடே மனப்பாடமாகச் சொல்லும் அந்த வரி வசனம் நாடகாசிரியரின் கைவண்ணம். பள்ளி விழாக்களில் அட்டைக் கத்தியோடு அதைப் பேசிய பிள்ளைகளுக்கு அது வரலாறுதான். 1960-இல் கெய்ரோவில் நடந்த ஆசிய-ஆப்பிரிக்கப் பட விழாவில் சிவாஜிக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட கயத்தாற்றில் நிலம் வாங்கிச் சிலை வைத்தவரும் அவரே. அந்தச் சிலையைப் பார்த்தால் எனக்கு நடிகரின் முகம்தான் தெரிகிறது. கதைப்பாட்டாகவும் கூத்தாகவும் நெல்லையில் உலவிய ஒருவர், வசனத்தின் வழியாகத் தமிழ்நாடு முழுவதற்கும் ஆண்டவரானார். அவரைக் கொள்ளைக்காரர் என்று தமிழ்வாணன் தனி நூலே எழுதிப் பார்த்தார். வசனத்துக்கு முன்னால் அது எடுபடவில்லை.

அப்படியானால் சின்னமலைக்கு ஏன் இது வாய்க்கவில்லை? வசதி இல்லை என்று சொல்ல முடியாது. தமிழ் சினிமாவுக்கு மன்னர்களைச் செய்து கொடுத்த பட்டறையே கொங்கில்தான் இருந்தது. சேலத்தில் டி. ஆர். சுந்தரத்தின் மாடர்ன் தியேட்டர்ஸ், கோவையில் சென்ட்ரல் ஸ்டுடியோவும் பட்சிராஜாவும். 1947-இல் ஜூபிடர் பிக்சர்ஸ் சென்ட்ரல் ஸ்டுடியோவில் எடுத்த ‘ராஜகுமாரி’ எம்.ஜி.ஆரைக் கதாநாயகனாக்கியது. 1950-இல் சேலத்தில் ‘மந்திரி குமாரி’ உருவானது. மு. கருணாநிதியின் வசனத்தில் ராஜகுரு என்ற வில்லனைப் பார்த்து மக்கள் வேறு யாரையோ நினைத்துக் கைதட்டினார்கள். அரண்மனை செட், வாள், தளபதி, பாதாளச் சிறை, எல்லாம் தயாராக இருந்தன. ஆனால் அந்த நாடுகளுக்குத் தேசப்படத்தில் இடம் கிடையாது.

எனக்குத் தோன்றும் காரணம் இது. இட்டுக்கட்டிய நாட்டின் மன்னனை வைத்து இன்றைய ஆட்சியைத் தாராளமாகத் திட்டலாம். தணிக்கைக்காரர் கேட்டால் அது எந்த நாடும் இல்லை. நிஜ மன்னனுக்கு வாரிசுகள் இருக்கிறார்கள், சாதி இருக்கிறது, எதிர்க் குடும்பம் இருக்கிறது. 1950-களில் பேச வேண்டியிருந்ததைக் கற்பனை ராஜாக்களே பேசிவிட்டார்கள். நிஜ ராஜா தேவைப்படவில்லை.

திரைக்கு வெளியேயும் சின்னமலைக்கு இப்படித்தான், பேருந்துகளைப் பாருங்கள். அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்குத் தலைவர்களின் பெயர் இருந்த காலத்தில் கோவையில் ‘சேரன்’ ஓடியது, ஈரோட்டில் ‘ஜீவா’ ஓடியது. ‘தீரன் சின்னமலை’ திருச்சியில் ஓடியது! பவானி பஸ் ஸ்டாண்டில் ஜீவா வண்டி ஏறிப் போனவர்களுக்கு அது ஒரு சின்ன வேடிக்கை.

சின்னமலை கதையிலேயே இன்னொரு முட்டுக்கட்டை இருக்கிறது. அவருடைய முதல் எதிரி வெள்ளைக்காரர் அல்ல. கொங்கிலிருந்து மைசூருக்குப் போன வரிப் பணத்தை மறித்து, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை வாங்கிக்கொண்டான் என்று போய்ச் சொல் என்றார், அன்றிலிருந்து தீர்த்தகிரி சின்னமலையானார் என்பது மரபு. பிறகு அதே மைசூரின் திப்புவோடு சேர்ந்து கும்பெனியை எதிர்த்தார். பிரெஞ்சுக்காரரிடம் படைப் பயிற்சி பெற்றார். 1799 மே 4 அன்று திப்பு விழுந்த பிறகு ஓடாநிலைக்கு வந்து கோட்டை கட்டிக்கொண்டார். கடைசியில் சமையல்காரர் காட்டிக்கொடுத்துப் பிடிபட்டார் என்கிறார்கள். நேற்றைய எதிரி இன்றைய துணை, சொந்த அடுக்களையில் துரோகம். இரண்டரை மணி நேரப் படத்துக்கு ஒரே எதிரி போதும், அவன் தலையில் தொப்பியும் இருந்தால் நல்லது.

திப்புவையே திரையில் காட்டப் போனவர்கள் பட்ட பாடு தனிக் கதை. சஞ்சய் கான் எடுத்த ‘தி ஸ்வோர்ட் ஆஃப் திப்பு சுல்தான்’ தொடரின் படப்பிடிப்பில், 1989 பிப்ரவரியில், மைசூர் பிரீமியர் ஸ்டுடியோவில் தீப்பிடித்து 62 பேர் இறந்தார்கள். தொடர் 1990-இல் தூர்தர்ஷனில் வந்தபோது வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. இது கற்பனை, திப்புவின் வாழ்க்கைக்கும் ஆட்சிக்கும் தொடர்பில்லாதது என்ற அறிவிப்போடுதான் ஒளிபரப்ப வேண்டியிருந்தது. ‘தி கிரேட்’ சிரித்துக்கொண்டே போட்ட வரியை இங்கே கோர்ட்டு போடவைத்தது. இத்தனைக்கும் 1790 செப்டம்பரில் சத்தியமங்கலம் பக்கம், இதே பவானி ஆற்றங்கரையில், திப்பு கும்பெனிப் படையை நேருக்கு நேர் எதிர்த்து நின்றவர். ஆற்றுக்கு அந்தக் கற்பனை அறிவிப்பை யார் படித்துக் காட்டுவது?

சின்னமலை இன்று சிலையாகவும் 2005-இல் வந்த தபால்தலையாகவும் ஓடாநிலை மணிமண்டபமாகவும் இருக்கிறார். ஆடிப் பதினெட்டன்று எல்லாக் கட்சிக்காரர்களும் மாலையோடு வருகிறார்கள். எந்தக் கட்சிக்கும் மாலை போட ஒரு கழுத்து வேண்டும், சிலையின் கழுத்து தயங்குவதில்லை. இப்போது ஒருவர் பெரிய பணம் போட்டுப் படம் எடுத்தால் அது இவானின் முதல் பாகமாகத்தான் வரும் என்பது என் ஊகம். மலை உச்சியில் குதிரை, பின்னால் சூரியன், சுற்றிலும் துரோகிகள். தாடியின் நீளம்கூட யாரும் சொல்லாமலே சரியாக இருக்கும்.

இரண்டாம் பாகத்தை எடுக்க நினைக்கிறவருக்குப் பவானியில் செட் போடத் தேவையில்லை. 1799 முதல் 1804 வரை கோயம்புத்தூர்ச் சீமை இரண்டாகப் பிரிந்து கிடந்தபோது வட பகுதிக்குத் தலைமையிடம் இந்த ஊர்தான். எதிர்த்தவர்களின் செய்தி வந்து சேர்ந்த கச்சேரியும், துரை அம்மனைப் பார்த்த துளைகளும் ஒரே ஊரில் இருந்தன. அறச்சலூரில் துப்பாக்கிச் சத்தம். இங்கே தச்சர் யாரோ யானைத் தந்தத்தை இழைத்துக் கட்டிலுக்குக் கால் செய்துகொண்டிருக்கிறார். அவருக்குக் கூலி கும்பெனிப் பணத்தில். அந்தப் பணம் வரியாக வந்தது எந்தெந்த ஊர்க் களத்துமேட்டிலிருந்து என்று கேமரா பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். கலெக்டரை நல்லவராகவும் காட்டக் கூடாது, கெட்டவராகவும் காட்டக் கூடாது. அவர் நிஜமாகவே பயந்து, நிஜமாகவே கும்பிட்டிருக்கலாம். மறுநாள் காலையில் கோப்பில் கையெழுத்தும் போட்டிருக்கலாம்.

சென்ற ஆடிப் பதினெட்டன்று பவானிக் கூடுதுறையில் கால் வைக்க இடமில்லை. முளைப்பாரியும் மஞ்சள் கயிறுமாகப் பெண்கள் படித்துறையில் இறங்கினார்கள். ஒலிபெருக்கியில் சின்னமலை பெயர் கேட்டது. அங்கிருந்து சங்ககிரிக்குப் போகும் கட்சி வண்டிகள் கொடியோடு பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில் குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒருவர் தன் மனைவியிடம் சொன்னார்: “கூட்டம் கொறைஞ்சதும் உள்ள போயி அந்தக் கட்டலப் பாத்துட்டுப் போயரலாமுங்.”